பானையும் மூடியும் எத்தனை?

சில்லு சாருக்குக் கோபம் வந்தால் கூடவே தும்மலும் வந்துவிடும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும், குரல் உயரும், மேசை அதிரும், எதிராளி அடங்குவார். இவருக்கு மூக்கு விடைக்கிற கட்டம் வரை எல்லாம் முறைப்படி நடக்கும். அதற்குப் பிறகு வரவேண்டிய வசனத்துக்குப் பதிலாக ‘அச்’சென்று ஒன்று வரும், அதன் தம்பி பின்னாலேயே வருவான். எதிராளி பயப்படாமல் கைக்குட்டையை நீட்டுவார். இந்த வயதுவரை அவர் ஒரு சண்டையில்கூட ஜெயித்ததில்லை. "முதல்ல ஆவி பிடிச்சிட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்று அவர் மனைவியே தேதி தள்ளி வைத்துவிடுவாள்.

அன்று காலை தொலைபேசியை வைத்தவர் வரிசையாகத் தும்மினார். அருங்காட்சியகக் காவலாளி ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினார்.

பேசியது பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. "சார், உங்ககிட்ட அனுப்பினோமே முதல் வகுப்பு, அவங்களுக்கு நேத்து பரீட்சை. உங்க மியூசியத்துத் தட்டுதான், அதே சாமான்தான். பிரிச்சு எண்ணச் சொன்னாங்க. நாலே நாலு பேரைத் தவிர ஒருத்தருக்கும் பத்து வரைக்கும் எண்ண வரலையாம். என்னதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

அருங்காட்சியகத்தில் அவருடைய பதவிக்குப் பெயர் ‘கல்வி அலுவலர், குழந்தைகள் பிரிவு’. அந்தப் பெயர்ப் பலகையை அவருடைய அறையின் கதவில் மாட்ட முடியவில்லை, கதவைவிடப் பலகை அகலம். பார்வையாளர்கள் குடையையும் செருப்பையும் விட்டுப்போகிற இடமாக இருந்த அறை அது. உடைந்த பானைச் சில்லுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவதால் குழந்தைகள் அவருக்குச் சில்லு சார் என்று பெயர் வைத்தார்கள். இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். சம்பளப் பட்டியலில் மட்டும் இன்னும் சொந்தப் பெயர் இருக்கிறது.

அவர் பாடம் நடத்துகிற விதம் ஒன்று உண்டு. தட்டில் பத்துச் சாமான். எல்லாம் நிஜமான பழையவை, ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற அளவுக்கு அழகில்லாதவை. ஒரு மண்பானை, அதன் மூடி. ஒரு பூட்டு, அதன் சாவி. இரண்டாக உடைந்த ஒரு தட்டின் இரண்டு பாதிகள். ஒரு விளக்கு, ஒரு மரச் சீப்பு, ஒரு எடைக்கல், ஒரு சின்ன வெண்கல மணி. குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் எடுக்கவேண்டும், தடவவேண்டும், முகரவேண்டும். பிறகு அதனிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "உனக்கு யாரு வேணும்?"

பானை மூடியைக் கேட்கும். பூட்டு சாவியைக் கேட்கும். உடைந்த பாதி மற்ற பாதியைக் கேட்கும். கேட்டதைக் கேட்டவரோடு சேர்த்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் எண்ணவேண்டும். அருங்காட்சியகத்தில் பெரியவர்கள் எண்ணுவதும் அப்படித்தான். ஒரு தட்டு முப்பது துண்டாகக் கிடைத்தாலும் அது ஒரு தட்டுதான். யாரும் முப்பது தட்டு கிடைத்ததாகப் பீற்றிக்கொள்வதில்லை.

அந்த வகுப்பில் பட்டாணி என்று ஒரு குட்டிப் பெண். உருவமும் அப்படி, உருண்டுகொண்டே இருக்கிற குணமும் அப்படி. சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது ரெண்டும் புருஷன் பொண்டாட்டி" என்றாள். "அப்போ எத்தனை?" "ஒரு வீடு." அன்று சாயங்காலம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சில்லு சார். வகுப்பு முடியும்போது எல்லாக் குழந்தைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: ஏழு!

இப்போது அந்த ஏழுதான் தொலைபேசியில் வந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

பரீட்சை வைத்தது ஒரு மதிப்பீட்டு நிறுவனம். பழம்பொருள் வழியாகக் கணக்கு என்று ஏதோ புதுத் திட்டம். இயக்குநர் சாமான் தட்டை இரவலாகக் கொடுத்திருந்தார். ஒரு இளைஞர் கையகலத் திரையோடு வந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, சமையல், வீடு, மற்றவை என்று மூன்று டப்பாவைக் காட்டிப் பிரிக்கச் சொல்லி, எத்தனை பொருள் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ஏழு என்றிருக்கிறார்கள். திரை சிவப்பாகி இருக்கிறது.

தொலைபேசியை வைக்கும் முன், தேறிய அந்த நாலு பேர் யார் என்று கேட்டிருந்தார் சில்லு சார். தலைமையாசிரியை சொன்னார். மியூசியத்துக்கு வந்த அன்றைக்குச் சளிக்காய்ச்சலில் வீட்டில் படுத்துக்கொண்ட நாலு பேர்.

அவர் பாடத்திலிருந்து தப்பித்தவர்கள் மட்டும் தேறியிருக்கிறார்கள். வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மத்தியானம் அறை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. பேருந்து நடத்துநர் சீருடை, தோளில் தோல்பை, கழுத்தில் தொங்கும் டிக்கெட் மெஷின். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சில்லு சார்ங்கிறது நீங்கதானா?"

"ஆமாம்மா. நீங்க..."

"பட்டாணியோட அம்மா. டூட்டிக்கு நடுவுல வந்திருக்கேன், சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன். என் பொண்ணு மூணு வயசுலயே மாடிப்படி எண்ணினவ. பஸ்ல என் பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘அம்மா, பின்னாடி ரெண்டு பேர் டிக்கெட் வாங்கல’ன்னு காட்டிக் கொடுத்தவ. அவளைக் கொண்டுபோய் மக்கு ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. கேட்டா, மியூசியத்து சார்தான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டாருங்கறாங்க."

"மக்கு ரூமா?"

"பேரு ஏதோ தனிக் கவனம்னு எழுதியிருக்கு. பசங்க சொல்றது மக்கு ரூம். சைக்கிள் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி. ஜன்னலைத் திறந்தா செவுரு. நேத்து ராத்திரி தட்டு எடுத்து வைக்கச் சொன்னேன், எத்தனைம்மான்னு கேட்கவே இல்லை. எல்லாத் தட்டையும் தூக்கிட்டு வந்து வச்சிட்டா. எண்ணுடி கண்ணுன்னா, கையைப் பின்னாடி கட்டிக்கறா. எனக்கு எண்ண வராதும்மாங்கறா." நடத்துநரம்மாவின் குரல் அங்கே ஒரு குழியில் விழுந்து எழுந்தது. "பழைய சட்டி பானையை வச்சுக்கிட்டு நீங்க என்ன விளையாட்டு வேணும்னாலும் விளையாடுங்க. என் பொண்ணை வச்சு விளையாடாதீங்க."

சில்லு சாருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட பட்டாணி கண்முன்னே வந்து நின்றுவிட்டாள். கடைசியில் அவர் கேட்டது சம்பந்தமில்லாத கேள்வி போல இருந்தது.

"அம்மா, உங்க பையில சாப்பாட்டு டப்பா இருக்கா?"

"இருக்கு. ஏன், பசிக்குதா?"

"எத்தனை டப்பா?"

"ஒண்ணு."

"மூடி?"

"மூடி இல்லாம யாராவது..." என்று ஆரம்பித்தவர் நின்றார். அவர் கண் மேலே போய், எங்கேயோ கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"அதைத்தான் அவளும் சொல்லியிருக்கா" என்றார் சில்லு சார். "பானையும் மூடியும் ஒண்ணு. பூட்டும் சாவியும் ஒண்ணு. உடைஞ்ச தட்டு ஒண்ணு. அப்புறம் நாலு. ஏழு. சரியான ஏழு. பொருள் எத்தனைன்னு கேட்டா இந்தக் கட்டடத்துல எல்லாரும் ஏழுன்னுதான் சொல்லுவோம்."

"அப்போ என் பொண்ணு சொன்னது சரியா?"

"நூத்துக்கு நூறு."

"சரின்னா நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

காலையிலிருந்து அவர் தும்மியதைத் தவிர வேறு எதுவும் செய்திருக்கவில்லை. ‘மரியாதைக்குரிய’ என்று ஆரம்பித்து ஒரு மனு எழுதலாமா என்று யோசித்ததை மட்டும் செயலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா?

"எழுந்திரிங்க" என்றார் நடத்துநரம்மா. பேருந்தில் படியில் தொங்குகிறவர்களை உள்ளே ஏறச் சொல்கிற குரல். அவர் ஏறினார்.

தலைமையாசிரியையின் அறையில் மேசைமேல் தட்டு இருந்தது. பக்கத்தில் திரையோடு அந்த இளைஞர். நேற்று வராத பிள்ளைகளுக்காக இன்றும் வந்திருந்தார். ஆள் கெட்டவர் இல்லை. சாப்பிடாத முகம், புதுச் செருப்புக் கடித்த கால்.

மூடி பானைக்கு ஒரு முழம் தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. சாவி அந்தக் கோடியில். உடைந்த தட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. நிறுவனம் அப்படித்தான் பரப்பச் சொல்லியிருக்கிறதாம். சில்லு சாருக்கு மூக்கு விடைக்க ஆரம்பித்தது.

"சார், நீங்க சொல்றது புரியுது" என்றார் தலைமையாசிரியை. பெரிய குடும்பத்தில் மூத்த மருமகளைப் போல எல்லோருக்கும் தலையாட்டியே பழகிய கழுத்து அவருக்கு. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மெஷின் சொல்லுதே. வராதுன்னு வந்தா அந்த ரூமுக்கு அனுப்பணும்னு உத்தரவு."

"பிரிக்கிறதுலயும் தப்பு சார்" என்றார் இளைஞர் தயங்கி. "அந்தப் பொண்ணு மூணு டப்பாவையும் தொடவே இல்ல. மணியும் பூட்டும் ஒரு பக்கம் வச்சுது. மத்ததெல்லாம் ஒரு பக்கம். ஏம்மான்னா, இதெல்லாம் சத்தம் போடும், அதெல்லாம் அமைதின்னுச்சு."

"இதைவிட நல்லா எப்படிப் பிரிப்பீங்க?" என்றார் சில்லு சார். "நீங்க என்ன போட்டீங்க?"

"பூஜ்யம்தான் சார் வந்துது."

"வந்துதா! மழையா அது, தானா வர்றதுக்கு?"

நடத்துநரம்மா குறுக்கே வந்தார். "என் பொண்ணைக் கூப்பிடுங்க. இன்னொரு தடவை கேளுங்க."

தலைமையாசிரியைக்கு அந்த யோசனையில் உயிர் வந்தது. "அது முடியும். மறுபரிசீலனைன்னு ஒண்ணு இருக்கு, இல்ல தம்பி? சார், நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்துடுங்க. பத்துன்னு வாயில வந்தாப் போதும். எல்லாருக்கும் நல்லது."

பட்டாணி வந்தாள். உருண்டு வரவில்லை, நடந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், சில்லு சாரைப் பார்த்தாள். தட்டை மட்டும் பார்க்கவில்லை. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின.

சில்லு சார் தரையில் மண்டியிட்டார். முட்டி இரண்டும் தனித்தனியாக எதிர்ப்புத் தெரிவித்தன. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். பானை ஒன்று, மூடி ஒன்று, ஆக இரண்டு என்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை அந்தச் செவுரு ஜன்னலிலிருந்து வெளியே வந்துவிடும். தன் பாடம் பெரிதா, அவள் இருக்கை பெரிதா? ஆனால் அன்றைக்கு ஏழு என்று கத்தவைத்துவிட்டு, இன்று மண்டியிட்டு, அது பொய் என்று எப்படிச் சொல்வது? ஆறு வயதில் ஒரு முறை அப்படி ஏமாந்தால், அதற்கப்புறம் அவள் எந்தப் பெரியவர் சொன்ன எந்த எண்ணை நம்புவாள்?

"மூடி ஏன் சார் தள்ளிப் போயிடுச்சு?" என்றாள் பட்டாணி மெதுவாக. தட்டைப் பார்க்காத மாதிரி இருந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "சண்டையா?"

"சண்டை இல்லடா. அவங்களைத் தள்ளி வச்சிருக்காங்க."

"நான் தப்பா சொன்னதாலயா?"

"நீ தப்பா சொல்லல." அவர் குரலை உயர்த்தியே சொன்னார், அறையில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "நீ சொன்ன ஏழு சரி. நாம எண்ணினது பொருள். இந்த அண்ணன் எண்ணச் சொல்றது துண்டு. கையில தனியா எடுக்க வர்றது ஒவ்வொண்ணும் ஒரு துண்டு. அது எத்தனைன்னு அவருக்குத் தெரியணுமாம்."

பட்டாணி யோசித்தாள். புருவம் இரண்டும் நெருங்கின. பிறகு இளைஞரை நேராகப் பார்த்தாள்.

"அப்போ துண்டு எத்தனைன்னு கேக்கலாம்ல? பொருள் எத்தனைன்னு ஏன் கேட்டீங்க?"

இளைஞர் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்க தம்பி" என்றார் சில்லு சார்.

"கேள்வியை நான் எழுதலை சார். மேல இருந்து வருது."

"மேல இருந்து. பூஜ்யமும் மேல இருந்து, கேள்வியும் மேல இருந்து. கீழ இருக்கிறது இந்தக் குழந்தை ஒண்ணுதானா?"

அதற்குள் பட்டாணியின் கைகள் முன்னால் வந்துவிட்டன. கேள்வி புரிந்துவிட்டால் அவளுக்குப் பொறுமை கிடையாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரலால் தட்டிக்கொண்டே போனாள். பானை, மூடி, பூட்டு, சாவி, பாதித் தட்டு, மீதித் தட்டு, விளக்கு, எடைக்கல், மணி. கடைசியாகச் சீப்பு. பத்து.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். இளைஞர் திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"இருங்க, முடியல" என்றாள் பட்டாணி. "துண்டுதானே கேட்டீங்க? மணிக்குள்ள நாக்கு இருக்கு. பதினொண்ணு." சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்குப் பல்லு நிறைய. பன்னண்டு, பதிமூணு..."

"அது வேணாம்மா, போதும்" என்றார் இளைஞர்.

"பேசாதீங்க, தப்பிடும்."

அவள் எண்ணினாள். ஒவ்வொரு பல்லையும் நகத்தால் நெம்பி, நெம்பி. இருபத்தொன்பதில் ஒரு தடுமாற்றம். "இருபத்திப் பத்து" என்றாள், தலையை ஆட்டினாள், "முப்பது" என்று தானே திருத்திக்கொண்டாள். சில்லு சார் மூச்சு விடவில்லை. நடத்துநரம்மா கழுத்து மெஷினை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பல் அடியோடு ஒடிந்திருந்தது. "இவரு செத்துட்டாரு" என்று தாண்டிப் போனாள். நாற்பத்தாறில் சீப்பு முடிந்தது.

"நாப்பத்தாறு" என்றாள். முகம் சிவந்து, மூக்கில் வேர்வை. "எழுதிக்கோங்க."

இளைஞர் எழுதிக்கொண்டார். திரை சிவப்பானது.

"என்ன?" என்றார் நடத்துநரம்மா.

"பத்துக்கு மேல போனாலும் தப்புன்னுதான் காட்டும்" என்றார் இளைஞர், பார்வையைத் தன் செருப்புக்குக் கொண்டுபோய். "பத்து வரைக்கும் எண்ண வரலைன்னு வந்துடுச்சு."

சில்லு சார் எழுந்தார். எழுந்தவுடன் அது வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லா எதிராளிகளையும் போலத் தலைமையாசிரியையும் மேசையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை உருவி நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. தும்மல்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் எல்லாம் பேசினார், மூக்கு ஒழுக, கண் கலங்க, கொஞ்சமும் மரியாதையாகத் தோற்றமளிக்காமல்.

"மேடம், நாப்பத்தாறு வரைக்கும் எண்ணின பொண்ணுக்குப் பத்து தெரியாதாம். உங்க காது முன்னாடி எண்ணியிருக்கா. அச்! மன்னிக்கணும். நீங்களும் கூடவே எண்ணினீங்க, உங்க உதடு அசைஞ்சுது, நான் பார்த்தேன். இருபத்தொன்பதுல அவ தடுமாறினப்போ உங்களுக்கும் மூச்சு நின்னுச்சு. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் நீங்களா, அந்தச் சிலேட்டா? ஒரு குழந்தை வீட்டுல தட்டு எண்ணப் பயப்படுறா. அது எந்தச் சிவப்புல வருது, சொல்லுங்க! அச்!"

யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் புது அனுபவம்.

தலைமையாசிரியை தான் நீட்டிய கைக்குட்டையால் தன் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். எண்ணிக்கொண்டிருந்த உதட்டைப் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா சார்?" என்றார் கடைசியில். "அந்த ரூமுக்கு ஒவ்வொரு பிள்ளையா அனுப்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்." பிறகு பட்டாணியிடம், "நீ போய்ப் பையை எடுத்துக்கிட்டு உன் பழைய கிளாசுக்குப் போம்மா. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"மேடம், சிஸ்டத்துல..." என்றார் இளைஞர்.

"சிஸ்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன் தம்பி."

நடத்துநரம்மா மகளின் தலையைப் பிடித்து வயிற்றோடு ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மணி பார்த்து, "என் வண்டி எடுத்துடுவாங்க" என்றார். வாசலில் திரும்பி, "சார், சாயங்காலம் என் வண்டியில ஏறுங்க" என்றார். "ஆனா டிக்கெட் வாங்கணும்."

சில்லு சார் நகரவில்லை. "மத்த பிள்ளைங்க?"

"எல்லாரையுமா? மணியடிச்சு வீட்டுக்குப் போற நேரம் ஆயிடும் சார்."

"ஆகட்டும்."

தலைமையாசிரியை நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு ஆள் அனுப்பினார்.

அடுத்து வந்தவன் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன். வராந்தாவில் பட்டாணியைத் தாண்டித்தான் வந்திருக்கவேண்டும். ஏனென்றால், இளைஞர் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

"துண்டா, பொருளா?"

இளைஞர் திரையைப் பார்த்தார். அதில் அதற்குப் பொத்தான் இல்லை.

"அதை அணைச்சு வைங்க தம்பி" என்றார் தலைமையாசிரியை. பையனின் பக்கம் குனிந்தார். "ரெண்டும் சொல்லு, பார்ப்போம்."

சில்லு சார் வராந்தாவுக்கு வந்து மூக்கைச் சிந்தினார். கோபம் இன்னும் தீரவில்லை. இத்தனைக்கும் ஒருவர்கூட அந்தக் குழந்தையிடம் ‘மன்னிச்சுக்கோ’ என்று சொல்லவில்லையே என்று இப்போதுதான் உறைத்தது. தானும் சொல்லவில்லை. எதிர் வகுப்பின் திறந்த கதவு வழியாகப் பட்டாணி தெரிந்தாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் சிநேகிதிக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கொழுத்த பையனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நகரு" என்றாள். "அது என் இடம்."

அவன் நகரவில்லை. அவள் பையாலேயே அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.